கோடையில் பங்குத் தோட்டம்: காய் பறிக்கும் நாளை வைத்துத் திட்டம் போடுவது எப்படி?

பங்குத் தோட்டம் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பத்துப் பதினைந்து குடும்பங்கள் பட்டம் தொடங்கும்போதே பணத்தைக் கொடுத்துவிடுவார்கள், அந்தப் பணத்தில் விதை, எரு, கூலி எல்லாம் ஓடும், பதிலுக்கு வாரம் ஒரு நாள் தோட்டம் என்ன தந்ததோ அதில் ஆளுக்கொரு பங்கு வீட்டுக்குப் போகும். ஜப்பானில் 1970களில் பரவிய முறை இது, அமெரிக்காவில் 1986இல் ஆரம்பித்தார்கள். நம்ம திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் அரை ஏக்கரும் கோடையில் வற்றாத கிணறும் இருந்தால் நீங்களும் செய்யலாம். பிசான நெல்லை அறுத்ததும் கால்வாயில் தண்ணீர் நின்றுவிடும், அடுத்த நெல் பட்டமான கார் சாகுபடிக்குத் திறக்கும் வரை கிணறுதான் கதி என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் விதைப்பைப் பற்றித்தான் நிறையக் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் கோடையில் பாதி வேலை காய் பறிப்பதுதான். அதனால் பறிக்கும் நாளை முதலில் முடிவு பண்ணிவிட்டு அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வருவோம்.

1. நாளைக் குறித்துவிட்டு விதையுங்கள்

சித்திரை முதல் வாரத்தில் முதல் பங்குப் பை வீடுகளுக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். வெண்டை விதைத்து சுமார் 45 நாளில் காய்க்கும், ஆக மாசி மூன்றாம் வாரத்துக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். சீனி அவரைக்கு (கொத்தவரங்காய்) இன்னும் ஒரு வாரம் கூடவே ஆகும். கத்தரிதான் பொறுமை கேட்கும்: நாற்றங்காலில் ஒரு மாதம், நட்ட பிறகு இரண்டு மாதம், அப்படியென்றால் தை பிறக்கும் முன்பே விதை போட்டிருக்க வேண்டும். கீரை 25 நாள் பயிர், வாரம் ஒரு பாத்தி என்று போட்டுக்கொண்டே வாருங்கள். வெண்டையையும் ஒரே நாளில் மொத்தமாக விதைக்காமல் மூன்று வாரம் விட்டு இன்னொரு பாத்தி போட்டால் வைகாசியில் கை வறளாது.

வெண்டைக்கு வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. புடலை, பாகல், பீர்க்கு எல்லாம் பந்தலில். ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று பந்தலை ஆட்டிப் பார்க்கும், கால்களை இப்போதே ஆழமாக ஊன்றி இழுகயிறு கட்டிவிடுங்கள்.

2. மண்ணை மூடுங்கள்

வாழைச் சருகு, வைக்கோல், கரும்புத் தோகை, எது கிடைத்தாலும் செடியைச் சுற்றிப் பரப்புங்கள். தண்ணீர் சாயங்காலம்தான். காய் பறிக்கிற நாளுக்கு முந்தின சாயங்காலம் தண்ணீர் பாய்ச்சுவதைத் தவற விடாதீர்கள், மறுநாள் காய் விறைப்பாக இருக்கும்.

வெயில் ஏற ஏற வெள்ளை ஈ வரும், அதுதான் வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமலைப் பரப்புகிறது. இலை நரம்பு மஞ்சளான செடியைப் பாவம் பார்க்காமல் பிடுங்கி எடுத்துவிடுங்கள். அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துப் 10 லிட்டர் தண்ணீரில் இரவெல்லாம் ஊற வைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளித்தால் ஈ கட்டுப்படும். கத்தரியில் நுனிக் குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம், அந்த நுனியைக் கிள்ளித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழியுங்கள்.

3. காய் பறிக்கிற காலை

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாமே இங்கேதான் இருக்கிறது. கத்திரி வெயில் காலத்தில் சூரியன் எழும் முன்பே, விடிகிற வெளிச்சத்தில் தோட்டத்தில் நிற்க வேண்டும். எட்டு மணிக்குள் கடைசிக் காய் நிழலுக்கு வந்துவிட வேண்டும். வெயில் ஏறின பிறகு பறித்த காய் அந்தச் சூட்டைத் தனக்குள் வைத்துக்கொண்டே இருக்கும், பையில் போகும்போதே வாடிவிடும்.

முதலில் கீரை. வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வேர் மட்டும் தண்ணீரில் முங்குகிற மாதிரி வாளியில் நிற்க வையுங்கள். அடுத்து வெண்டை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், சுணை அரிக்கும். காயின் நுனியை வளைத்தால் 'டப்'பென்று ஒடிய வேண்டும், வளைந்து மடங்கினால் அது முற்றல். கோடையில் இன்றைக்குப் பிஞ்சாக இருக்கிற காய் நாளை மறுநாள் நாராகிவிடும், அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் செடியைச் சுற்றி வந்தே ஆக வேண்டும், பை போகாத நாளாக இருந்தாலும் சரி. முற்றின காயைச் செடியிலேயே விட்டால் செடி விதையை வளர்க்கப் போய்விடும், புதுப் பூ குறையும். முற்றலையும் ஒடித்து மாட்டுக்குப் போடுங்கள். வெண்டையில் தண்ணீர் படவே கூடாது, கறுத்துக் கொழகொழத்துப் போகும்.

கத்தரியைக் கையால் இழுக்காமல் கத்தரிக்கோலால் காம்போடு நறுக்குங்கள். தோல் பளபளப்பாக இருக்க வேண்டும், பெருவிரலால் அமுக்கிவிட்டு எடுத்தால் குழி திரும்பி எழ வேண்டும், மங்கிப்போயிருந்தால் உள்ளே விதை கட்டிவிட்டது. சீனி அவரை ஒடித்தால் நார் வரக் கூடாது. பாகல், புடலை, பீர்க்கு கடைசியில் பறிக்கலாம், பந்தல் நிழல் அவற்றைக் காப்பாற்றும். தடியங்காய்க்கு (வெண்பூசணி) அவசரமே இல்லை. மேலே வெள்ளைச் சாம்பல் படிந்த பிறகு காம்போடு அறுத்து நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், காய் குறைகிற வாரத்தில் பையை நிரப்ப அதுதான் கை கொடுக்கும்.

பறித்ததை ஓலைப் பெட்டியில் போட்டு ஈரச் சாக்கால் மூடுங்கள் (வெண்டைக்கு மட்டும் காய்ந்த துணி). ஒரு நாள் வைக்க வேண்டியிருந்தால் செங்கல்லில் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் மூன்று அங்குலம் மணல் நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனைத்து, மேலே ஓலைத் தட்டியால் மூடுங்கள். கரண்டே வேண்டாத குளிர் அறை இது. சித்திரை, வைகாசியில் நம்ம ஊர்க் காற்று வறண்டிருப்பதால் நன்றாகவே குளிரும், சாரல் விழுகிற குற்றாலம் பக்கம் ஆனி, ஆடியில் இவ்வளவு குளிராது.

4. பங்கு வைப்பது

எத்தனை வீடோ அத்தனை பெட்டியை வரிசையாக வைத்து ஒவ்வொரு காயாகச் சுற்றி வந்து போடுங்கள். தராசு வைத்து நிறுத்துக்கொண்டு இருந்தால் வெயில் வந்துவிடும். நாலு பேர் வீட்டுக்கு வாரம் ஐந்து கிலோ வந்தால் போதும், கூடவே ஒரு துண்டுச் சீட்டில் இந்த வாரம் என்ன குறைந்தது, ஏன் குறைந்தது என்று எழுதி அனுப்புங்கள். காசை முன்னாலேயே கொடுத்தவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. வர முடிந்தவர்களை ஞாயிற்றுக்கிழமை பறிக்கக் கூப்பிடுங்கள். பெட்டிகள் கட்டி முடித்ததும் உடைந்த காய், வளைந்த காய், முருங்கைக்கீரை எல்லாவற்றையும் போட்டு அங்கேயே ஒரு கூட்டாஞ்சோறு வைத்துவிட்டால், அடுத்த வாரம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது, அவர்களே வருவார்கள்.

5. மிச்சம்

சீனி அவரை ஒரேயடியாகக் காய்க்கிற வாரம் வரும். உப்பும் மஞ்சளும் போட்டு அரை வேக்காடு வேக வைத்து, வடித்து, மொட்டை மாடியில் சுக்காகும் வரை காய வையுங்கள். மிளகாயை மோரில் ஊறப் போடுங்கள். இந்த வத்தல்களும் பங்குதான், அவற்றை விற்காமல் சாரல் மாதத்தில் காய் குறையும்போது பையில் சேர்த்து அனுப்புங்கள்.

வைகாசி கடைசியில், நோய் படாத வெண்டைச் செடி நாலைந்தில் மட்டும் துணி கட்டி அடையாளம் வைத்து, காய்களைச் செடியிலேயே வெடிக்கிற பருவம் வரை காய விடுங்கள். விதையை உதிர்த்து, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டு வையுங்கள். ஆடிப்பட்டத்துக்கு அது போதும்.