நோயாளியின் அருகே அமர்வது: தோட்ட நகரத்தில் ஆன்மீகத் துணைப்பணி தொடங்குவோருக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரத்தில் வாழ்கிறவர்களுக்கு, உறவினர் ஒருவர் மருத்துவமனையில் படுத்திருந்தால் எப்படிப் போய்ப் பார்ப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமும் பையில் போட்டுக்கொண்டு, பார்வையாளர் நேரத்துக்கு முன்பாகவே வாசலில் நிற்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால், கேட்பாரற்றுக் கிடக்கும் நோயாளிகளிடம் போய் அமர்ந்து, அவர்களுடைய பயத்துக்கும் துக்கத்துக்கும் துணையாக இருப்பது வேறு வகைப் பணி; அதற்குப் பயிற்சி வேண்டும். கோயில் இளைஞர் பகுதியினரும், திருமுறை வகுப்பு நடத்துவோரும், தமிழ்ச் சபையினரும் இதை எப்படித் தொடங்குவது என்று என்னிடம் கேட்டதால், எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பணியைச் செய்கிறவரை ஆங்கிலம் பேசும் நாடுகளில் சாப்ளின் என்கிறார்கள். தொடங்குமுன் இதன் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால், வார்டில் நாம் செய்யும் பிழைகளில் பாதிக்கு மேல் அந்த வரலாற்றிலேயே இருக்கின்றன.

சாப்ளின் என்ற சொல்லே படையோடு பிறந்தது. தூர் நகரத்துப் புனித மார்ட்டின், ரோமானியப் படைவீரராக இருந்தபோது தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டி, குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குப் பாதியைக் கொடுத்தார் என்பது மரபு. அந்த அங்கியைப் பிராங்க் அரசர்கள் போருக்குப் போகும்போது எடுத்துச்சென்றார்கள். அங்கியைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்தே அதைக் காத்த குருமாருக்குப் பெயர் வந்தது. பிற்காலத்தில் அந்தப் பதவி படையின் அமைப்புக்குள்ளேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் 1775ஆம் ஆண்டிலும், பிரிட்டனில் 1796ஆம் ஆண்டிலும் படைக் குருமாருக்கு முறையான அமைப்பு ஏற்பட்டது. பிரிட்டிஷ் படையில் நான்காம் வகுப்புச் சாப்ளின் ஒருவருக்குக் கேப்டனுக்குரிய மதிப்பு உண்டு. ஆனால் அவர் ஆயுதம் ஏந்துவதில்லை. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளும் படைக் குருமாரைப் போர்க்கைதிகளாகக் கருதக்கூடாது என்றே கூறுகின்றன. 1943 பிப்ரவரியில் டார்செஸ்டர் என்ற கப்பல் தாக்கப்பட்டபோது, மெதடிஸ்ட், யூத, கத்தோலிக்க, சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்த நான்கு படைக் குருமார் தங்கள் மிதவை அங்கிகளை மற்றவர்களுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு மூழ்கினார்கள். ஆகவே படைக் குருமாரின் பணியை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அங்கே பதவி என்ற ஒன்று குறுக்கே நின்றது. சாதாரணச் சிப்பாய் தன் அச்சத்தை ஓர் அதிகாரியிடம் எப்படிச் சொல்வான்? முதல் உலகப் போரின்போது, 1915ஆம் ஆண்டு டிசம்பரில், பெல்ஜியத்தின் போப்பரிங்க ஊரில் டால்பட் ஹவுஸ் என்ற ஓய்வு இல்லத்தைத் திறந்த பிலிப் கிளேட்டன் என்ற படைக் குரு இதை நன்கு உணர்ந்திருந்தார். உள்ளே வருகிறவர்கள் பதவியை வெளியே விட்டுவிட வேண்டும் என்று தம் அறைக் கதவின் மேல் எழுதிவைத்தார். படையைச் சாராத சாப்ளின் பணி தனித் தொழிலாக வளர்ந்த கதையை நான் அந்தக் கதவிலிருந்துதான் வாசிக்கிறேன்.

படைக்கு வெளியிலும் குருமார் இருந்தார்கள்தாம். இங்கிலாந்தில் சிறைகளுக்குக் குருமாரை அமர்த்த 1773ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆனால் அவர்கள் அங்கே போய்ப் போதித்தார்கள். கேட்பதற்கென்று அவர்களை யாரும் பயிற்றுவிக்கவில்லை. அதை மாற்றியவர் ஆண்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர். 1920ஆம் ஆண்டு கடும் மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்தவர் அவர். குணமடைந்தபின், 1924ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் சாப்ளினாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டுக் கோடையில் இறையியல் மாணவர் சிலரை அழைத்துவந்து வார்டு உதவியாளர்களாக வேலை செய்ய வைத்தார். நூல்களைப் படிப்பதுபோல நோயாளிகளையும் உயிருள்ள மனித ஏடுகளாகப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நோயாளியின் உடம்பைத் துடைத்துவிடுகிறவன் அவனுக்கு மேலே நின்று போதிக்க முடியாது. போதகர் வேடத்தைக் கழற்றிவைத்துவிட்டு நோயாளியிடமே பாடம் கேட்கும் வழக்கம் இவ்வாறுதான் பயிற்சி முறையாக உருப்பெற்றது. அதை ஆதரித்த மருத்துவர் ரிச்சர்ட் கேபட், 1905ஆம் ஆண்டு பாஸ்டனில் மருத்துவச் சமூகப்பணியைத் தொடங்கிவைத்தவரும் ஆவார்.

நம் ஊரோடு சேர்த்து நினைவில் வைக்க ஒரு செய்தி உண்டு. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் தங்கள் குருமாரோடு மலாயாவுக்கு வந்தன. மூன்று வாரம் ஆகுமுன், ஜூலை 5ஆம் நாள், பிரிட்டனில் தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கியது. அதன் மருத்துவமனைகள் படையோடு தொடர்பில்லாத சாப்ளின்களைப் பணியில் அமர்த்தின. பின்னர் 1967ஆம் ஆண்டு மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்து, மரணப் படுக்கையில் இருப்பவரின் வலியில் ஆன்மாவின் வலியும் சேர்ந்திருக்கிறது என்பதை மருத்துவ உலகத்துக்கு எடுத்துச்சொன்னார். 2002ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் வலிதணிப்புப் பராமரிப்பை வரையறுத்தபோது ஆன்மீகத் துன்பத்தையும் அதில் சேர்த்தது. இன்று அமெரிக்காவில் சான்றிதழ் பெற விரும்புகிறவர், ஒன்றுக்குக் குறைந்தது 400 மணி நேரம் என்ற கணக்கில் நான்கு பயிற்சி அலகுகளை முடிக்க வேண்டும். நாம் அந்த அளவுக்குப் பயின்றவர்கள் அல்லர். ஆகவே நம்மைச் சாப்ளின் என்று அழைத்துக்கொள்ளாமல், ஆன்மீகத் துணையாளர் என்ற எளிய பெயரோடு நின்றுகொள்வதே முறை.

போகுமுன் செய்ய வேண்டியவை

முதலில் மருத்துவமனை இயக்குநருக்கு மலாய் மொழியில் கடிதம் எழுதி அனுமதி பெறுங்கள். எத்தனை பேர் வருவார்கள், எந்த வார்டுக்கு, எந்தக் கிழமை, என்ன செய்வார்கள், என்ன செய்ய மாட்டார்கள் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் ஒவ்வொரு முறையும் வார்டு சிஸ்டரிடம் சொல்லிவிட்டே உள்ளே போக வேண்டும். யாருக்குத் தொற்று இருக்கிறது, யார் அறுவைச் சிகிச்சைக்காகச் சாப்பிடாமல் இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

இரண்டு சட்டங்களை மனத்தில் வையுங்கள். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி, பதிவு பெறாத எவரும் தம்மை ஆலோசகர், அதாவது கவுன்சிலர், என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பெயர் அட்டையிலும் அந்தச் சொல் வேண்டாம். அடுத்து, கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயக் கருத்துகளைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. பக்கத்துக் கட்டிலில் மலாய்க்காரப் பெரியவர் இருந்தால் வணக்கமும் நலவிசாரிப்பும் போதும். சமயப் பேச்சு எதுவும் கூடாது. சட்டம் இருக்கட்டும், இந்துவிடம் கிறிஸ்துவையும் கிறிஸ்தவரிடம் முருகனையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடமாகவும் வார்டு ஆகிவிடக்கூடாது. எழுந்து போக முடியாதவரிடம் மதம் பேசுவது பெருங்கொடுமை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

கட்டிலருகில்

நம் ஊரில் படை இல்லை. ஆனால் பதவி இருக்கிறது. துரை, எழுத்தரான கிராணி, வேலையை மேற்பார்க்கும் கங்காணி, தொழிலாளி என்று தோட்டம் வைத்த வரிசை, ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகும் பெரியவர்களின் உடம்பில் அப்படியே இருக்கிறது. நான் முதன்முதலாகப் போனபோது வெள்ளைச் சட்டையும் குழுவின் அட்டையும் அணிந்திருந்தேன். பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு தாத்தா என்னைக் கண்டதும், கையில் டிரிப் ஊசி இருப்பதையும் மறந்து, மடக்கியிருந்த காலைக் கீழே இறக்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாங்க சார்" என்று எழ முயன்றார். ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கசிந்தது. நான் அதைக் கண்டும் தேவாரம் பாடத் தொடங்கினேன். பாட்டு முடியும்வரை அவர் கைகூப்பியபடியே இருந்தார். என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தக் கைகூப்பலைப் பக்தி என்று அன்று எண்ணினேன். தோட்டத்து அலுவலகத்தின் முன் பழகிய நிற்றல் அது என்பது பிறகுதான் புரிந்தது.

ஆகவே சாதாரண உடையில் போங்கள். கட்டிலின் கால்மாட்டில் நிற்காதீர்கள். அங்கே நின்று பேசுகிறவர்கள் மருத்துவர்கள். நாற்காலியை இழுத்துப்போடுமுன், "உட்காரலாமா தாத்தா?" என்று கேளுங்கள், கேட்டபின் பதிலுக்குக் காத்திருங்கள். ஊசி போடுகிற மிஸ்ஸியை, அதாவது தாதியை, அவர் வேண்டாம் என்று சொல்ல முடியாது, இரத்தம் எடுக்க வருகிறவரையும் மறுக்க முடியாது. அந்த வார்டில் அவர் போகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். அவர் வேண்டாம் என்றால் முகம் சுருங்காமல் நன்றி சொல்லி அகலுங்கள். அவருக்கு அன்று கிடைத்த ஒரே உரிமையை நீங்கள் மதித்திருக்கிறீர்கள். முறைவைத்தே கூப்பிடுங்கள்: தாத்தா, பாட்டி, பெரியம்மா, அண்ணே. தோட்டம் எது என்று கேட்டாலே பெரும்பாலோருக்கு முகம் மலர்ந்துவிடும். அதற்குமேல் நீங்கள் கேள்வி கேட்கவும் தேவைப்படாது.

பிரார்த்தனை, திருநீறு, பாட்டு எதுவாயினும் அவர் கேட்டால் மட்டும் செய்யுங்கள். கேட்டால் தயங்காமல் செய்யுங்கள். வேறு சமயத்தவர் தம் குருவை வேண்டினால், அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கொண்டுவந்து சேர்ப்பது உங்கள் கடமை. அதற்காகப் பாதிரியார், சீக்கியக் குருத்துவாரா, புத்தக் கோயில் ஆகியோரின் எண்களை முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.

சொல்லுக்குச் சொல் எழுதிப் பார்ப்பது

எல்லாப் பயிற்சியிலும் எனக்கு மிகவும் உதவியது இதுதான். 1930களில் பாஸ்டனில் சாப்ளினாக இருந்த ரசல் டிக்ஸ் பரப்பிய முறை இது: சந்திப்பு முடிந்ததும் வீட்டுக்கு வந்து, நோயாளி சொன்னதையும் நாம் சொன்னதையும் நினைவிலிருந்து அப்படியே எழுதி, குழுவில் படித்துப் பார்க்க வேண்டும். பெயர், கட்டில் எண், ஊர் எதையும் எழுதக்கூடாது. படித்து முடித்ததும் தாளைக் கிழித்துவிட வேண்டும். அடையாளம் தெரியாதபடி மாற்றி, நான் எழுதிய ஒன்றைத் தருகிறேன்.

பாட்டி: கோயில்ல வெளக்கு யாரு வெக்கிறாங்களோ.
நான்: கவலைப்படாதீங்க பாட்டி, அம்மா பாத்துக்குவா.
பாட்டி: ம்.

மூன்றே வரி. பேசும்போது நான் நல்ல ஆறுதல் சொன்னதாகவே நினைத்தேன். எழுதிப் பார்த்தபோதுதான், அவர் கதவைத் திறந்ததும் நான் அதைச் சாத்தியதும் தெரிந்தது. மறுவாரம் போய், "எந்தக் கோயில் பாட்டி?" என்று மட்டும் கேட்டேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கோடியில், பால்மரத்தடியில் கல்லாக இருந்து பிறகு தகரக்கூரை போட்ட மாரியம்மன். தோட்டம் விற்கப்பட்டு ஆட்கள் பிரிந்து போனபின், வெள்ளிக்கிழமைதோறும் தாம் குடியேறிய தாமானிலிருந்து, அதாவது குடியிருப்புப் பகுதியிலிருந்து, நடந்துபோய் அவர் மட்டும் விளக்கு வைத்திருக்கிறார். மருத்துவமனைக்கு வந்து மூன்று வெள்ளி ஆகிவிட்டது. அவரை வாட்டிய வேதனை நோயைப் பற்றியது அன்று. இந்தத் துக்கம் நம் தோட்ட நகரங்களுக்கே உரியது. வீடும் அண்டை அயலும் தெய்வமும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போன துக்கம். இதற்கு எந்த வெளிநாட்டுப் பாடநூலிலும் விடை இல்லை. நாம் கேட்டுத்தான் கற்றாக வேண்டும்.

ரகசியமும் அதன் எல்லையும்

சொன்னதை வெளியே சொல்லாதீர்கள். நம் ஊரில் ஒரு வார்த்தை சாப்பாட்டுக் கடைக்குப் போனால் மாலைக்குள் தாமான் முழுதும் பரவிவிடும். ஆனால் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாலும், வீட்டில் யாரோ அடிக்கிறார்கள் என்று சொன்னாலும், அதை உங்களுக்குள் வைத்துக்கொள்ளக்கூடாது. "இதை சிஸ்டரிடம் சொல்லியாக வேண்டும் அக்கா, நானும் கூட இருக்கிறேன்" என்று அவரிடமே கூறிவிட்டு, உடனே சொல்லுங்கள். மருந்து, உணவு, நாட்டு வைத்தியம் பற்றி எந்த யோசனையும் கூற வேண்டாம். தண்ணீர் கேட்டால்கூட மிஸ்ஸியிடம் கேட்டபின் கொடுங்கள்.

ஒரு நாளில் மூன்று பேருக்குமேல் பார்க்காதீர்கள். பத்துக் கட்டிலுக்கும் போய்க் கும்பிடு போட்டுவருவது தேர்தல்காரர் வேலை. இருவராகப் போங்கள், ஒருவர் பேசும்போது மற்றவர் வெளியே இருக்கட்டும். இருவரும் சேர்ந்து சுற்றி அமர்ந்தால் நோயாளிக்கு அது விசாரணைபோல் ஆகிவிடும்.

கிளம்பும்போது, உறுதியாக வர முடிந்தால் மட்டும் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லுங்கள். நாற்காலியை எடுத்த இடத்திலேயே வையுங்கள். அவருடைய தண்ணீர்க் குவளையும், அழைப்பு மணியும், மூக்குக்கண்ணாடியும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒருநாள் கட்டில் காலியாக இருந்தால் பக்கத்துக் கட்டில்காரரிடம் விசாரிக்காமல் சிஸ்டரிடம் கேளுங்கள். இறந்துவிட்டார் என்று தெரிந்து, குடும்பத்தாரும் அழைத்தால், பதினாறாம் நாள் காரியத்துக்குப் போங்கள். பந்தியில் உட்காருங்கள். அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர் சொல்லச் சொன்னதை மட்டும் சொல்லுங்கள். மற்றதற்கு, அவர் தோட்டத்தைப் பற்றி நிறையப் பேசினார் என்று கூறினால் போதும். எந்தத் தோட்டம், எந்த லயம் என்று பிள்ளைகளே மீதியைச் சொல்லத் தொடங்குவார்கள், நீங்கள் மறுபடியும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.