மழை நாள் சனி ஞாயிறு: சின்னப் பிள்ளைகளிடம் நாம் செய்யக் கூடாதவை

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூரில் சனி, ஞாயிறு பெரும்பாலும் வீட்டுக்குள்தான். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும் ஊர் இது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். மழை நாளில் அவர்களுடைய மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருப்பார்கள். சாயங்காலம் கூட்டிப்போக வரும் அப்பா அம்மாக்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பிள்ளையோடு விளையாடிவிட்டுப் போவார்கள். தொடக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்த அதே தவறுகள் ஒவ்வொரு வருஷமும் புதுப் புதுப் பெற்றோரிடம் வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

செல்போனைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது. போனை எடுத்து வைத்த பிறகும் நாள் ஏன் கெட்டுப்போகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

பத்து மணிக்குள் எல்லாவற்றையும் இறக்கிவிடுவது

காலையில் மழை பிடித்ததும் பரணில் இருக்கும் அத்தனையும் கீழே வந்துவிடும். கிரேயான், கட்டைகள், மரச் சொப்பு, பிளாஸ்டிக் கார் என்று கூடம் முழுக்கக் கிடக்கும். பிள்ளை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குத் தாவும். பத்து மணிக்கு "போர் அடிக்குது" என்று வந்து நிற்கும்.

மூன்று துணிப்பைகளில் பிரித்து வையுங்கள். சனி காலை ஒரு பை, மதியம் தூங்கி எழுந்ததும் இன்னொன்று. மூன்றாவது பை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கண்ணில் படக்கூடாது. இரண்டு வாரம் ஒளிந்திருந்த பொம்மை பிள்ளைக்குப் புதுப் பொம்மைதான்.

மூழ்கி விளையாடும் பிள்ளையைக் கலைப்பது

எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. நான்கு வயது முடியாத பையன். பழைய போர்வையை விரித்து, ஒரு தாம்பாளத்தில் அரிசி, ஓர் ஆழாக்கு, ஓர் உழக்கு வைத்துக் கொடுத்தேன். முதலில் கையை உள்ளே விட்டு அளைந்துகொண்டே இருந்தான். வெகுநேரம் அது மட்டும்தான். அப்புறம் ஆழாக்கில் அள்ளி உழக்கில் ஊற்றினான். பாதிதான் வந்தது. குனிந்து உள்ளே பார்த்தான். இன்னோர் ஆழாக்கு ஊற்றினான், நிறைந்துவிட்டது. உள்ளங்கையால் உழக்கின் தலையைத் தட்டிச் சமன் செய்தான். அவன் ஆயா அளப்பதைப் பார்த்திருப்பான் போல. மூன்றாவது ஊற்றினால் வழிந்து கொட்டுகிறது. எல்லாவற்றையும் தாம்பாளத்தில் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். ஒன்று, பாதி. இரண்டு, நிறைவு. மறுபடி கவிழ்த்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது; வெளியே இடி இடித்தது அவன் காதில் விழவே இல்லை.

அந்த நேரம் பார்த்து அவன் அம்மா வந்தார். பிள்ளை சமர்த்தாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த சந்தோஷம். போனை எடுத்து, "தம்பி, அம்மாவைப் பாரு, சிரி! இது என்ன கலரு? எத்தனை இருக்கு, எண்ணிக் காட்டு" என்றார். "வெள்ளை" என்றான். எழுந்தான். "போட்டோ காட்டு, போட்டோ காட்டு" என்று போனைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு அதற்கப்புறம் அவன் அரிசிப் பக்கம் திரும்பவில்லை. கிளம்பும்வரை சிணுங்கல்தான். போகும்போது அந்த அம்மா சொன்னார்: "அக்கா, இவன் அஞ்சு நிமிஷம்கூட ஒண்ணுல உட்கார மாட்டேங்கிறான்."

உட்கார்ந்துதானே இருந்தான்!

அவன் செய்துகொண்டிருந்தது என்ன என்று பாருங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு என்பதை யாரும் சொல்லாமல் தன் கையால் கண்டுபிடித்து, அது ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் வருமா என்று சோதித்துக்கொண்டிருந்தான். நாம் கேட்டது இரண்டு வயதிலேயே அவனுக்குத் தெரிந்த நிறத்தை. பிள்ளை ஒரு காரியத்துக்குள் இறங்கவே நேரம் பிடிக்கும். முதலில் வெறுமனே தொட்டு அளைகிறதே, அந்த நேரம் வீண் இல்லை. அதைக் கடந்துதான் உள்ளே போகிறது. வெளியே இழுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து இறங்க வேண்டும், பெரும்பாலும் இறங்காது. அதைவிடப் பெரிய நஷ்டம், விளையாடுவது பெரியவர்கள் பார்ப்பதற்காக என்று அது பழகிக்கொள்வது. அப்புறம் தனியாக விட்டால் விளையாடாது, "என்னைப் பாரு, என்னைப் பாரு" என்று முந்தானையைப் பிடித்து இழுக்கும். மழை நாளில் நம்மை அசையவிடாமல் செய்யும் பழக்கம் இப்படித்தான் உண்டாகிறது.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி ரோம் நகரில் ஒரு சின்னப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். மர உருளைகளைக் குழிகளில் பொருத்தும் விளையாட்டை அந்தக் குழந்தை நாற்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தது. மற்றக் குழந்தைகளைப் பாடவிட்டார், நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் பார்த்தார், அது விடவில்லை. அந்த அம்மையார் 1939இல் சென்னைக்கு வந்து, அடையாறிலும் கொடைக்கானலிலும் இருந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். எல்லாப் பிள்ளையும் அந்தச் சிறுமி மாதிரி எதற்கும் அசையாமல் இருக்காது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அம்மாவின் ஒரு "சூப்பர்டா செல்லம்" போதும், கலைந்துவிடும். ஆமாம், நிமிஷத்துக்கு ஒரு பாராட்டும் குறுக்கீடுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவே. பொருளை வையுங்கள். "இதில் ஊற்றலாம்" என்று ஒரு வார்த்தை. இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். கீரை ஆயலாம், பூ கட்டலாம். நிமிர்ந்து பார்த்தால் ஒரு தலையசைப்பு போதும். சண்டை, ஆபத்து, அதுவாகக் கூப்பிடுவது, இந்த மூன்றுக்குத் தவிர எழுந்து போகாதீர்கள். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா? வெடுக்கென்று தூக்காமல், "இன்னும் ரெண்டு உழக்கு ஊத்திட்டு வா, சாப்பிடலாம்" என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதுகுப் பக்கமிருந்து, சத்தமில்லாமல்.

அரிசியை விளையாடக் கொடுப்பதா என்று வீட்டில் பெரியவர்கள் வருத்தப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. சலித்த மணலை வையுங்கள், இல்லை பின்கட்டில் ஒரு கிண்ணம் தண்ணீரும் இரண்டு டம்ளரும் வைத்து நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அளப்பதும் ஊற்றுவதும்தான் முக்கியம்.

"குதிக்காதே, ஓடாதே"

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஆட வேண்டும் என்பது அதே 2019 அறிக்கையின் கணக்கு. மழைக்காக அந்தத் தேவை குறையாது. மெத்தையைத் தரையில் போட்டுவிட்டால் குதிக்கலாம். கூடத்தில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போடுங்கள். தலையணைகளை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சுமக்கவிடுங்கள். கனமான வேலை கொடுத்தால் பிள்ளை அடங்கும். ஈரக் காற்றில் டைல்ஸ் வியர்த்து வழுக்கும். துடைத்துவிட்டு, வெறுங்காலோடு விடுங்கள். சாக்ஸ் வேண்டாம்.

வயதுக்கு மீறிய ஆட்டம்

மூன்று புலி, பதினைந்து ஆடு என்று ஆடு புலி ஆட்டத்தை நான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, விதியை மீறுகிறது என்று கடிந்துகொள்வதில் அர்த்தமே இல்லை. அது ஏழு, எட்டு வயதுக்கு. சின்னதுகளுக்குப் பல்லாங்குழியின் பதினான்கு குழிகளிலும் ஒவ்வொரு சோழியாகப் போட்டுக்கொண்டே வருவதுதான் முழு ஆட்டம். காய் எடுப்பது, வெட்டுவது எல்லாம் பிறகு வரும்.

பெட்டியில் குன்றிமணி

ஆயா காலத்துப் பல்லாங்குழிப் பெட்டியில் சோழிக்குப் பதில் குன்றிமணி கிடந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள். அந்த விதைக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்குக் கீழ் இருந்தால் சோழி, புளியங்கொட்டைகூட வேண்டாம், வாய்க்கோ மூக்குக்கோ போய்விடும். ரிமோட்டிலும் பாட்டுப் பாடும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வெளியே வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

புயல் பார்க்கக் கடற்கரைக்குப் போவது

துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் தேவனாம்பட்டினம் பக்கமே வேண்டாம்.

மழையை ஜன்னலோடு நிறுத்திவிடுவது

நனைந்தாலே சளி பிடிக்கும் என்ற பயம் பெரிதாக இருக்கிறது. சளி வருவது வைரஸால். இருமுகிறவர்களோடு கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் நாள் முழுக்க இருந்தால்தான் அது சுலபமாகப் பரவும். இடி மின்னல் இல்லாத தூறலில் பத்து நிமிஷம் மொட்டை மாடியில் விடுங்கள், கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்து நீங்களும் கூட நின்றால். உள்ளே வந்ததும் தலை துவட்டி, உலர்ந்த துணி மாற்றிவிட்டால் சரி. தெருவில் தேங்கிய தண்ணீரில் மட்டும் கால் வைக்கவிடாதீர்கள். சாக்கடை கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் வரலாம், அறுந்த மின்கம்பி கிடந்தாலும் தெரியாது. காகிதக் கப்பலைப் பெரிய பேசினில் விடலாம்.

ஐந்து வயதுப் பிள்ளை இருந்தால் மழைமானி செய்யுங்கள். பக்கம் நேராக இருக்கும் தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை நீங்கள் வெட்டி, புனல் மாதிரி கவிழ்த்து அதிலேயே வையுங்கள். அடி வளைவு மறையும்வரை தண்ணீர் ஊற்றிக் கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். மேலே மில்லிமீட்டர் கோடுகள். வானிலை ஆய்வு மையத்தில் மழைக் கணக்கு எடுப்பது காலை 8.30க்கு. பிள்ளையும் அதே நேரத்துக்குப் போய்ப் பார்த்து நோட்டில் குறிக்கட்டும். அப்புறம் பேப்பரில் கடலூருக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று சேர்ந்து பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு சிறுமியை இதனால் அடுத்த நாள் காலை எழுப்பவே வேண்டியிருக்காது.

கரண்ட் இருக்கும் என்று நம்புவது

2024 நவம்பர் 30, பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த நாள், ஒரு சனிக்கிழமை. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணையில் வெள்ளம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது எங்கள் மாவட்டத்தில் பல இடங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எல்லாத் திட்டமும் டிவியை நம்பி இருந்தால் இருட்டில் பிள்ளையோடு திண்டாட வேண்டும். டார்ச்சை முன்னாடியே சார்ஜ் போட்டு வையுங்கள். சுவரில் கை நிழலால் மானும் நாயும் காட்டினால் ஒரு மணி நேரம் போகும். மெழுகுவர்த்தி வேண்டாம். காற்று ஊளையிடும்போது "பயப்படாதே" என்பதைவிட, "காத்து ஜன்னல் இடுக்குல நுழையுது, அதான் சத்தம்" என்று காட்டிவிட்டால் பிள்ளைக்குத் தெளிவு வரும்.

பசி

பாதிச் சிணுங்கல் பசிதான். வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு கொடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் முழு வேர்க்கடலை கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும்.

ஞாயிறு மதியமே மூன்றாவது பையைக் காலி செய்வது

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு என்று கலெக்டர் அறிவிப்பு ராத்திரிதான் வரும், சில நேரம் விடிந்த பிறகும் வரும். அந்தப் பையிலிருந்து இரண்டு பொருளையாவது எடுத்துப் பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள்.