கோமாரி எத்தனை மாட்டுக்கு? கணக்குப் பார்க்கும்போது நாம் செய்கிற தவறுகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தோட்டப்புறங்களில் மாடு வைத்திருப்பவர்களிடம் கோமாரியை, அதாவது கால்நடைகளுக்கு வருகிற வாய், கால் நோயைப் பற்றிக் கேட்டால் இரண்டு பதில்களில் ஒன்றுதான் வரும். "இங்கே எல்லா மாட்டுக்கும் இருக்கு" என்பார்கள், இல்லாவிட்டால் "நம்ம பக்கம் அதெல்லாம் கிடையாது" என்பார்கள். கால்நடைகளுக்கு இரத்த மாதிரி எடுக்கும் வேலையில் பல வருடம் உதவியாளராக இருந்தவன் நான். இந்த இரண்டு பதிலையும் ஒரே வாரத்தில், ஒரே தோட்டத்தில் கேட்டிருக்கிறேன். இரண்டு பேரும் தங்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பேச்சை நம்பித்தான் தடுப்பூசி போடலாமா, வேண்டாமா, புது மாடு வாங்கலாமா என்று ஊரே முடிவெடுக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பாலர் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வருகிற கை, கால், வாய்ப்புண் நோய் வேறு, மாட்டுக்கு வருகிற கோமாரி வேறு. இரண்டுக்கும் கிருமியே வேறு. பிள்ளைகளின் நோய் கூடியிருக்கிறது என்று செய்தி வந்தால், அதை மாட்டுக் கொட்டகைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மாட்டைத் தொட்டதால்தான் பிள்ளைக்குப் புண் வந்தது என்று சண்டை போட்ட வீடுகளும் உண்டு. பாவம், அந்த மாடு எந்தத் தப்பும் செய்யவில்லை.

சரி, கோமாரிக்கு வருவோம். அந்த மாட்டைக் கிட்டத்தில் ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தொங்கும். உதட்டைச் சப்புக் கொட்டிக்கொண்டே நிற்கும். புல்லை முகர்ந்து பார்க்கும், தின்னாது. நாக்கைப் பிடித்துப் பார்த்தால் மேல்தோல் உரிந்து சதை சிவந்திருக்கும். குளம்புப் பிளவிலும் காம்பிலும் கொப்புளம். கன்றுக்குட்டி பால் குடிக்க வந்தால் தாய் உதைத்துத் தள்ளிவிடும்.

இப்படிப்பட்ட மாட்டை மட்டும் எண்ணுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. எல்லாக் கால்நடையும் நோயை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டாது. ஆட்டுக்கு வந்தால் பல சமயம் இரண்டு நாள் லேசாக நொண்டும், அப்புறம் சரியாகிவிடும். செம்பனைக் காட்டில் மேய்கிற ஆடு நொண்டினால் நாம் என்ன நினைப்போம்? "மட்டை முள் குத்தியிருக்கும்." பாதி நேரம் அது உண்மையும்கூட. ஒரு தடவை ஒரு தோட்டத்தில் பத்துப் பதினைந்து ஆடுகள் ஒரே வாரத்தில் நொண்டின. வீட்டுக்கார அக்கா ஒவ்வொரு காலாகத் தூக்கி முள்ளைத் தேடிக்கொண்டிருந்தார். முள் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது ஆட்டின் கீழ்வாயைத் திறந்தபோது ஈறில் மிளகு அளவில் ஒரு புண் இருந்தது. அந்த ஆடுகள் எந்தப் பதிவிலும் வரவில்லை. பக்கத்து வரிசையில் படுத்துவிட்ட நான்கு மாடுகள்தான் பதிவாயின. ஊர்க்கணக்குப்படி நோய் நான்கு மாட்டுக்குத்தான்!

நோய் தீர்ந்த பிறகும் கணக்குத் தீராது. குணமான மாட்டின் தொண்டைப் பகுதியில் இந்தக் கிருமி மாதக்கணக்கில், சிலவற்றில் வருடக்கணக்கில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். மாடு நன்றாகத் தின்னும், பால் கறக்கும். அப்படிப்பட்ட மாட்டிடமிருந்து மற்ற மாட்டுக்குத் தொற்றுவது அரிது என்றாலும், "இப்போது எத்தனை மாட்டில் கிருமி இருக்கிறது" என்ற கேள்விக்கு அதையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். போன மாதம் புதிதாக எத்தனை மாட்டுக்கு வந்தது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் ஒருவர் குறைந்துவிட்டது என்கிறார், இன்னொருவர் கூடிவிட்டது என்கிறார்.

இனி இரத்தப் பரிசோதனை. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஆய்வகத்திலிருந்து "பாசிட்டிவ்" என்று தாள் வந்ததும் மாட்டை விற்றுவிட ஓடுகிறார்கள். பெரும்பாலான இரத்தச் சோதனைகள் கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியைத்தான் தேடுகின்றன. அது எப்போதோ வந்துபோன நோயின் தடயமாக இருக்கலாம். ஆறு மாதத்துக்கு முன் போட்ட ஊசியால் வந்திருக்கலாம். கன்றாக இருந்தால் சீம்பாலோடு தாயிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ஊசி போட்ட தோட்டத்தில் சாதாரணச் சோதனை செய்து "எண்பது விழுக்காடு மாட்டுக்குக் கோமாரி" என்று பேசினால், ஊசி நன்றாக வேலை செய்த செய்தியையே நாம் நோய்ச் செய்தியாக மாற்றிவிடுகிறோம். ஊசியையும் உண்மையான தொற்றையும் பிரித்துக் காட்டுவதற்கென்றே என்.எஸ்.பி. சோதனை என்று ஒன்று இருக்கிறது. சுத்திகரித்த தடுப்பூசி போட்ட மாட்டில் பொதுவாக அந்தச் சோதனை தேடுகிற ஆன்டிபாடி வராது, தொற்று வந்த மாட்டில் வரும். எந்தச் சோதனை செய்தார்கள் என்று கேட்காமல் விழுக்காட்டை நம்பாதீர்கள்.

இன்னொன்று. கோமாரிக் கிருமியில் 7 வகை உண்டு: ஓ, ஏ, சி, ஏசியா 1, சாட் 1, சாட் 2, சாட் 3. தீபகற்ப மலேசியாவில் பெரும்பாலும் தொல்லை கொடுத்தவை ஓ, ஏ வகைகள். ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகையைத் தடுக்காது. அதேபோல ஓ வகைக்கு மட்டும் சோதித்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்றால், ஏ வகையைப் பற்றி அந்தத் தாள் எதுவும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

எந்தச் சோதனையும் நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 200 மாடு, அதில் உண்மையிலேயே தொற்று வந்தவை 4. சோதனை அந்த நான்கையும் பிடித்துவிடுகிறது. ஆனால் நல்ல மாடு நூற்றில் மூன்றைத் தப்பாகப் பாசிட்டிவ் என்கிறது. மீதி 196 மாட்டில் ஏறக்குறைய 6 தப்பாக மாட்டும். தாளில் 10 பாசிட்டிவ், அதாவது 5 விழுக்காடு. உண்மை 2 விழுக்காடு. நோய் அரிதாக இருக்கிற இடத்தில் பாசிட்டிவ் வந்த மாடுகளில் பாதிக்கு மேல் நல்ல மாடாகவே இருக்க முடியும் என்பது இதிலிருந்து தெரிகிறது. அதனால்தான் இரண்டாவது சோதனை செய்கிறார்கள். அந்த முடிவு வரும்வரை மாட்டைத் தனியாகக் கட்டி வையுங்கள், விற்காதீர்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "ஆறு மாட்டுக்கு இரத்தம் எடுத்தோம், ஆறும் சுத்தம், நம் தோட்டத்தில் நோய் இல்லை" என்று மார்தட்டுவது. பெரிய மந்தையில் பத்தில் ஒரு மாட்டுக்கு நோய் இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு ஆறு மாட்டைப் பிடித்தால் ஆறும் சுத்தமாக வருகிற வாய்ப்பு பாதிக்கும் மேல். அப்படிப்பட்ட மந்தையில் ஒரு மாடாவது சிக்கும் என்று 95 விழுக்காடு உறுதியாகச் சொல்ல 29 மாடாவது வேண்டும். அதுவும் கைக்கு எட்டிய சாதுவான மாடுகளை மட்டும் பிடித்தால் போதாது. நாங்களே செய்த தவறு இது. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று, முட்டாத கிழட்டுப் பசுக்களாகப் பார்த்து வாலடியில் குத்தி இரத்தம் எடுத்தோம். செம்பனை வரிசைக்குள் ஓடிப்போன இளங்காளைகளை விட்டுவிட்டோம். வயதான பசு பல முறை ஊசி வாங்கியது, பழைய நோயையும் பார்த்தது. இளசுகளின் கதை வேறு. அன்றைக்கு நாங்கள் எழுதிய எண் பசுக்களின் எண்தான், மந்தையின் எண் கிடையாது.

விழுக்காட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பெரிய மந்தையில் 60 மாடு, இருபது வீடுகளில் வீட்டுக்கு 2 மாடு. ஆக மொத்தம் 100. பெரிய மந்தையில் 30 மாட்டுக்கு நோய், வீடுகளில் ஒன்றுக்கும் இல்லை. ஊரில் 30 விழுக்காடு என்றால் வீட்டு மாட்டுக்காரர் பயந்து போவார். 21 பேரில் ஒருவரிடம்தான் நோய் என்றால் அலட்சியமாகிவிடுவார். இரண்டும் சரியான எண்தான். மாட்டைச் சொல்கிறோமா, மந்தையைச் சொல்கிறோமா என்று சேர்த்துச் சொன்னால்தான் புரியும். 2001இல் பிரிட்டனில் கோமாரி வந்தபோது நோய் உறுதியான பண்ணைகள் 2,026. கொல்லப்பட்ட கால்நடைகள் 60 லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஏராளமானவை பக்கத்துப் பண்ணையில் இருந்த காரணத்துக்காகவே கொல்லப்பட்டவை. அந்த 60 லட்சத்தை "நோய் வந்த கால்நடை" என்று படித்துவிடக் கூடாது.

உலகக் கால்நடைகளில் 77 விழுக்காட்டுக்கிடையே கோமாரி சுற்றி வருகிறது என்று உலகக் கால்நடை சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. இதைப் பார்த்துவிட்டு நூறு மாட்டில் 77 மாட்டுக்கு நோய் என்று பேசுபவர்கள் உண்டு. நோய் நடமாடுகிற பகுதிகளில் இத்தனை விழுக்காடு கால்நடைகள் வாழ்கின்றன என்பதுதான் அதன் பொருள். நம் நாட்டிலேயே இடத்துக்கு இடம் மாறும். சபாவும் சரவாக்கும் கோமாரி இல்லாத பகுதிகள் என்று அந்த அமைப்பின் ஏற்பு பெற்றவை. தீபகற்பம் அப்படியில்லை. எனவே "மலேசியாவில் இத்தனை" என்று ஒரே எண்ணாகச் சொல்வதில் பயன் குறைவு.

மறைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தீபாவளிக்கு ஆடும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாடும் விலை போகிற நேரத்தில் நோய் என்று வாயைத் திறந்தால் கால்நடையை லோரியில் ஏற்ற விட மாட்டார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஒரு வருட உழைப்பு அது. ஆனால் அந்த நேரத்தில்தான் கால்நடைகள் ஊர் விட்டு ஊர் போகின்றன, அந்த நேரத்துப் பதிவுதான் மிகக் குறைவாக இருக்கிறது. பதிவு குறைந்தால் நோய் குறைந்துவிட்டது என்று நினைத்து ஊசியும் ஆளும் வேறு ஊருக்குப் போய்விடும். சந்தேகம் என்றாலே கால்நடை இலாகாவுக்குச் சொல்லிவிடுங்கள். 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

அடுத்து இரத்தம் எடுக்க வருகிறவர்களிடம் கொடுக்க ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். மாட்டின் காது எண், வயது, கடைசியாக ஊசி போட்ட தேதி, எங்கிருந்து வாங்கியது, எப்போதாவது நொண்டியதா. ஆடுகளுக்கும் தனிப் பக்கம் போடுங்கள். முள் கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்பதையும் எழுதுங்கள்.