தைராய்டு எலாஸ்டோகிராபி: கையை அழுத்தாதீர்கள்

திசுவின் இறுக்கத்தை வண்ணமாகக் காட்டும் ஸ்கேன் முறையான எலாஸ்டோகிராபி பழக வரும் இளம் மருத்துவர்களிடம் நான் முதலில் கவனிப்பது அவர்களுடைய மணிக்கட்டைத்தான். திரையில் வரும் வண்ணத்தை ரசிக்கும் ஆர்வத்தில் கழுத்தில் வைக்கும் ஸ்கேன் கருவியான புரோபை அழுத்திவிடுகிறார்கள். அழுத்தினால் சாதுவான கட்டியும் புற்றுநோய்க் கட்டிபோல இறுகித் தெரியும்.

வழக்கமான ஸ்கேனை முதலில் முடியுங்கள். கட்டியின் அளவு, விளிம்பு, சுண்ணாம்புப் படிவு எல்லாவற்றையும் பார்த்து புற்றுநோய்ச் சந்தேகத்தை அளக்கும் டைராட்ஸ் மதிப்பெண் போட்ட பிறகே எலாஸ்டோகிராபிக்குப் போக வேண்டும். நோயாளியின் தோளுக்கடியில் சிறு தலையணை போதும். கழுத்தை அதிகமாக வளைத்தால் தசைகள் விறைத்துக்கொள்ளும். ஜெல்லைத் தாராளமாகப் போடுங்கள். புரோபை நெடுக்குவாட்டில் வையுங்கள், குறுக்கே வைத்தால் கரோட்டிட் தமனியின் துடிப்பு படத்தைக் கலைக்கும். எச்சிலை விழுங்கச் சொல்லிவிட்டு, சில வினாடிகள் மூச்சை நிறுத்தச் சொல்லுங்கள்.

கை அழுத்துகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புரோபைக் குறுக்கே திருப்பிக் கழுத்துச் சிரையைப் பாருங்கள். அது நசுங்கித் தட்டையாகியிருந்தால் உங்கள் கை கனமாக இருக்கிறது. படத்தின் மேல் ஓரத்தில் ஜெல்லின் மெல்லிய கரும்பட்டை தெரிந்தால் நல்லது. அது மறையாதபடி புரோபை நெடுக்காகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

திசுவில் பரவும் அலையின் வேகத்தை அளக்கும் ஷியர் வேவ் முறையில் வண்ணங்கள் அடங்கும்வரை சில வினாடிகள் அசையாமல் காத்திருந்து படத்தை நிறுத்துங்கள். கட்டியின் மிக இறுக்கமான இடத்தில் 2 முதல் 3 மில்லிமீட்டர் வட்டம் வைத்துப் பல முறை அளந்து, இடைநிலை மதிப்பை எடுங்கள். நீர்ப்பகுதியையும் சுண்ணாம்பையும் வட்டத்துக்குள் விடாதீர்கள். நீரில் ஷியர் அலை பரவாது. முட்டை ஓடு போன்ற சுண்ணாம்பு உள்ளே இருப்பதை மறைத்துவிடும்.

திசு எவ்வளவு நெகிழ்கிறது என்று பார்க்கும் ஸ்ட்ரெய்ன் முறையில் கட்டியைப் பக்கத்துத் திசுவோடு விகிதமாக ஒப்பிடுகிறோம். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயில் அந்தத் திசுவே இறுகியிருக்கலாம் என்பதால் விகிதத்தை நம்ப முடியாது. வண்ணப்பட்டையையும் மறக்காமல் பாருங்கள்: ஒரு இயந்திரத்தில் இறுக்கத்தைக் காட்டும் நீலம், இன்னொன்றில் மென்மையைக் காட்டும்.

பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோய் பெரும்பாலும் இறுகியிருக்கும். ஃபாலிகுலர் வகை மென்மையாகவே இருந்து ஏமாற்றக்கூடும். ஆகவே, டைராட்ஸ் ஊசிப் பரிசோதனை வேண்டும் என்றால், மென்மையான வண்ணத்தைக் காட்டி நான் அதை நிறுத்த மாட்டேன்.

அறிக்கையில் இயந்திரத்தின் பெயரையும் அலகையும் எழுதுங்கள். அலை வேகத்தில் வினாடிக்கு 3 மீட்டர் என்பதும் அழுத்த அலகில் 27 கிலோபாஸ்கல் என்பதும் ஏறக்குறைய ஒரே இறுக்கம்தான். அலகில்லாத வெறும் எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த முறை பார்ப்பவர் எதையும் ஒப்பிட முடியாது.