மாறங்காரி யார்? பழைய ஆவணங்களில் ஆளைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை ஒத்தக்கடையை அடுத்த நரசிங்கத்தில், ஆனைமலையைக் குடைந்து அமைத்த பெருமாள் கோயிலில் ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு உள்ளது. பாண்டிய மன்னன் கோமாறஞ்சடையனின் உத்தரமந்திரியான (தலைமை அமைச்சனான) மாறங்காரி இக்கற்றளியை, அதாவது கற்கோயிலைச் செய்து, நீர்த்தளிக்கும் (நீர் தெளித்துக் குடமுழுக்குச் செய்யும்) முன்பே இறந்துபோனதையும், அவன் தம்பி மாறன் எயினன் அதே பதவியை அடைந்து, முகமண்டபம் எழுப்பி நீர்த்தளித்ததையும் அது கூறுகிறது. உடனிருக்கும் கிரந்தக் கல்வெட்டு, மாறங்காரிக்கு மதுரகவி என்ற பெயரும் இருந்ததைத் தெரிவிக்கிறது. பலரும் அறியாத இந்த மனிதனைத் தேடும்போது நேரும் பிழைகள், எந்தப் பழங்காலத்து ஆளைத் தேடும்போதும் நேரக்கூடியவை.

பெயர் ஒத்திருப்பதைக் கண்டதும் ஆளும் ஒருவரே என்று முடிவு கட்டுவதுதான் இவற்றுள் பெரிய தவறு. மதுரகவி என்றதும் மதுரகவியாழ்வார் நினைவுக்கு வருகிறார். அவருடைய ஆசிரியர் நம்மாழ்வார் காரியின் மகனான மாறன் என்பதால், மாறன், காரி, மதுரகவி என்ற மூன்று பெயர்களும் ஒரே இடத்தில் கூடுவது மிகுந்த மயக்கத்தைத் தரும். இக்கல்வெட்டைக் கொண்டு ஆழ்வார்களின் காலத்தைக் கணிக்க முயன்ற அறிஞர்களும் உண்டு. ஆனால் ஆழ்வாரைத் திருக்கோளூரில் பிறந்த அந்தணர் என்கிறது வைணவ மரபு; கல்வெட்டு காட்டுபவனோ களக்குடி வைத்திய குலத்தைச் சேர்ந்த பாண்டிய அமைச்சன். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நாட்டில் பெயரைப் போல வலுவற்ற சான்று வேறில்லை. ஊர், குலம், பதவி, உறவினர், காலம் ஆகியவற்றில் மூன்றேனும் பொருந்தாமல் இருவரை ஒருவராக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாண்டிய மன்னர்களே மாறஞ்சடையன், சடையமாறன் என்ற பெயர்களை மாறி மாறிச் சூடிக்கொண்டதால், அரசன் பெயரை மட்டும் வைத்துக் காலத்தை முடிவு செய்வதும் இதே வகைப் பிழைதான்.

மாறங்காரி என்பதை ஒரே பெயராகப் படிப்பதும் தவறு. முன்னே நிற்பது தந்தையின் பெயர். மாறன் மகன் காரி என்று அதைப் பிரித்துப் படிக்க வேண்டும். மூவேந்தமங்கலப் பேரரையன் என்பது அவனுக்கு அரசன் அளித்த பட்டம். தம்பிக்குப் பாண்டிமங்கல விசையரையன் என்ற வேறு பட்டம் இருந்தது. பட்டத்தை இயற்பெயராகக் கொண்டால் ஒருவரே இருவராகிவிடுவார். அதே வேளையில், பெயரோடு சேர்ந்து வரும் பட்டம் நல்ல துணையாகவும் அமையும்: அதே மன்னனின் வேள்விக்குடிச் செப்பேட்டில் ஆணத்தியாக (அரசாணையை நிறைவேற்றுபவனாக) வரும் மாறங்காரிக்கும் இதே பட்டமும் வைத்தியக் குலக் குறிப்பும் இருப்பதால், இருவரும் ஒருவரே என்று துணிந்து சொல்ல முடிகிறது.

அச்சான பாடத்தை மட்டும் நம்பக் கூடாது. ஓலைகளில் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இராது. ரகரமும் காலும் ஒரே வடிவில் இருப்பதால் ‘மர’ என்பதும் ‘மா’ என்பதும் ஒன்றாகவே தோன்றும். பதிப்பித்தவர் தேர்ந்துகொண்ட வாசிப்பே நமக்குக் கிடைக்கிறது. ஆகவே மூலத்தின் படியையோ புகைப்படத்தையோ ஒருமுறையேனும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் தேவை. கிரந்தக் கல்வெட்டு தரும் கலி 3871 என்பது பொது ஆண்டு 770ஐ ஒட்டியது. பிற்கால ஆவணங்களில் பிரபவ, விபவ என்று வரும் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால், சக ஆண்டோ கொல்லம் ஆண்டோ உடனில்லாதபோது அது பாட்டனையும் பேரனையும் குழப்பிவிடும். வருவாய்த்துறைக் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆனால் பசலி ஜூலையில் பிறப்பதால், அதன் பிற்பாதி அடுத்த ஆண்டில் விழும்.

இன்றைய மாவட்ட எல்லைக்குள் மட்டும் தேடுவதும் பயன் தராது. இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல்தான். திண்டுக்கல் பிரிந்தது 1985இல். பழைய மதுரை ஆட்சியர் பதிவுகளில் இவ்வூர்களின் ஆட்களும் இருக்கக்கூடும்.

இல்லாத உறவைப் புனைவதுதான் தவிர்க்கக் கடினமான தவறு. திருப்பரங்குன்றத்தில் அதே மன்னனின் 6ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கரவந்தபுரத்து வைத்தியனான சாத்தன் கணபதி என்ற மகாசாமந்தனையும் (உயர் படைத்தலைவனையும்), துர்க்கைக்கும் சேட்டைக்கும் (மூதேவிக்கும்) கோயில் எடுத்த அவன் மனைவி நக்கன் கொற்றியையும் குறிப்பிடுகிறது. கரவந்தபுரம் களக்குடியின் மறுபெயர் என்பதால், குலம், ஊர், அரசன் மூன்றும் பொருந்துகின்றன. கணபதியை மாறங்காரியின் உடன்பிறந்தானாகவோ உறவினனாகவோ எழுதிவிடக் கை துடிக்கும். ஆனால் கணபதியின் தந்தை பெயர் சாத்தன். மாறங்காரியோடு அவனுக்குள்ள முறையைக் கல்வெட்டு எங்கும் சொல்லவில்லை. ஆகவே ‘அதே குலத்தவன்’ என்று எழுதி அந்த வரியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.