பரணில் கிடக்கும் துப்பாக்கி: எதை வைக்கலாம், எதை ஒப்படைக்க வேண்டும்

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காட்டோர ஊர்களில் பழைய வீட்டைப் பிரித்தால் பரணிலிருந்து நாட்டுத் துப்பாக்கி இறங்குவது உண்டு. குதிரையை இழுத்துப் பார்க்காதீர்கள். ஈரம் படாத கரிமருந்து எத்தனை வருடம் கழித்தும் வெடிக்கும். குழல் வாய் வழியாகக் கெட்டிப்பதால் உள்ளே மருந்து இருப்பது வெளியே தெரியாது. துரு போகட்டும் என்று நெருப்பில் காட்டினாலும், பட்டறையில் வெல்டிங்குக்குக் கொடுத்தாலும் கை போகும், கண் போகும்.

துருப்பிடித்தால் துப்பாக்கி இல்லை என்றாகிவிடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாததற்குத்தான் விலக்கு தருகிறது. ஸ்பிரிங் மாற்றிக் கேப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைத்தால் சுடும் என்றால் உரிமம் கட்டாயம். இல்லாவிட்டால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

கேழ்வரகையும் நிலக்கடலையையும் காக்க நாட்டுத் துப்பாக்கி வேண்டுமென்றால் 13ஆம் பிரிவில் வழி இருக்கிறது. 21 வயது நிறைந்தவர் படிவம் ஏ-1ல் ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். பொதுவாகப் போலீஸ் விசாரணை அறிக்கை வந்த பிறகு முடிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். இந்த உரிமம் வேட்டைக்கு அனுமதி ஆகாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு 2 துப்பாக்கிதான்.

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வருபவர்கள் குழம்புவது ‘போர்’ எனப்படும் குழல் துளை அளவில்தான். 12 போர், .315, .32 ஆகியவை சாதாரண உரிமத்தில் வரும். 9 எம்எம், .303 தடைசெய்யப்பட்ட ரகம். விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தொடர்ந்து சுடும் எதற்கும் ஆட்சியர் உரிமம் தர முடியாது; மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். மீறினால் 7 முதல் 14 ஆண்டு வரை சிறை. நினைவுக்கு வைத்த ஒற்றைத் தோட்டாவும், மருந்து உள்ளே இருந்தால், வழக்கில் கொண்டுபோய் விடும். நாட்டுத் துப்பாக்கிக்கும் தொடர்ந்து சுடுவதற்கும் நடுவே சட்டம் கோடு போட்டது மிகச் சரி. இருட்டில் கேழ்வரகுத் தட்டு அசைந்தால் பன்றியா, பக்கத்து நிலத்துக்காரரா என்று தெரியாது. நாட்டுத் துப்பாக்கியில் ஒரு வெடிக்குப் பிறகு மறுபடி கெட்டிக்க வேண்டும், அதற்குள் குரல் கேட்டுவிடும். தொடர்ந்து சுடுவதில் அந்த நேரமே கிடையாது.

ஒப்படைக்க முடிவு செய்தால் வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். வழியில் பிடிபட்டால் பதில் சொல்வது கஷ்டம். விஏஓவிடமோ காவல் நிலையத்திலோ முதலில் சொல்லி, அவர்களை வரவழையுங்கள். நடவடிக்கை இல்லை என்று காவல்துறை அறிவிக்கும் நாட்களில் கொடுப்பது நல்லது. புளியமரத்தடியில் போட்டுவிட்டு வராதீர்கள், பிள்ளைகள் எடுப்பார்கள். ரசீதில் தேதி, துப்பாக்கி வகை, குழல் நீளம், எண் இருந்தால் எண், எல்லாம் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்து வாங்குங்கள்.