சீன சரித்திரக் காதல் காமெடி நாடகம்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

சீன நாடகம் பார்க்க ஆசைப்படும் பலர் எடுத்த எடுப்பிலேயே 58 எபிசோட் ஓடும் தேவலோகக் காதலில் போய் விழுந்து, மூன்று பிறவி, ஆளுக்கு நாலு பெயர் என்று குழம்பி ஓடிவந்துவிடுகிறார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். முதல் நாடகமாக நான் சொல்வது 2020-ல் வந்த 'தி ரொமான்ஸ் ஆஃப் டைகர் அண்ட் ரோஸ்'. மொத்தமே 24 எபிசோட்தான்.

படி 1: எங்கே பார்ப்பது? இது டென்சென்ட் வீடியோவின் நாடகம். அவர்களுடைய வீடிவி (WeTV) செயலியை 2020 நவம்பரில் இந்திய அரசு தடை செய்துவிட்டது, அதனால் இந்தியாவில் இருப்பவர்கள் யூடியூபில் அவர்களின் அதிகாரபூர்வ சேனலில் தேடுங்கள். ஆங்கில சப்டைட்டில் போதும். யூடியூப் தானாகச் செய்யும் தமிழ் மொழிபெயர்ப்பை மட்டும் போட்டுவிடாதீர்கள், பெயர்களையெல்லாம் கொத்துக்கறி போட்டுவிடும்.

படி 2: பெயர்கள். சீனத்தில் குடும்பப் பெயர் முன்னால் வரும். யுவான்யுவான், சூசூ, சியன்சியன் என்ற மூன்று இளவரசிகளுக்கும் முன்னால் 'சென்' இருக்கும், அதை விட்டுவிட்டுப் பின்பாதியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

படி 3: முதல் மூன்று எபிசோடை ஒரே மூச்சில் பாருங்கள், இது முக்கியம். கதாநாயகி இந்தக் காலத்துத் திரைக்கதை எழுத்தாளர். 'காதலிக்கவே தெரியாத நீ காதல் கதை எழுதுகிறாயா' என்று நடிகர் ஒருவர் மட்டம் தட்டிய கையோடு, தான் எழுதிய கதைக்குள்ளேயே மூன்றாவது இளவரசி சியன்சியனாகப் போய் விழுகிறாள். அந்த இளவரசியோ ஊரே வெறுக்கும் அடாவடிப் பெண், மூன்றாவது எபிசோடிலேயே கதாநாயகன் ஹான் ஷுவோ கையால் சாக வேண்டியவள், எழுதியதே இவள்தான்! அதனால் செத்துப்போகாமல் இருக்க அவள் அடிக்கும் கூத்துதான் காமெடி முழுக்க. மட்டம் தட்டிய நடிகருக்கும் ஹான் ஷுவோவுக்கும் ஒரே முகம் (இரண்டுமே டிங் யூஷி), குழம்ப வேண்டாம். சியன்சியனாக வரும் ஜாவ் லூசி திருதிருவென்று முழிப்பதற்காகவே பார்க்கலாம்.

கதை நடக்கும் ஹுவாயுவான் நகரில் பெண்கள் ஆட்சி. பதவி, அதிகாரம் எல்லாம் அவர்களுக்கு. ஆண்கள் அடக்க ஒடுக்கமாக இருக்க வேண்டும். ஹான் ஷுவோவின் ஷுவான்ஹூ நகரில் அப்படியே தலைகீழ். இரண்டுமே கற்பனை ஊர்கள், எந்த அரச வம்சக் காலம் என்று கூகுளில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

படி 4: உதடும் குரலும் ஒட்டவில்லையென்றால் உங்கள் நெட்டைத் திட்ட வேண்டாம். சீன நாடகங்களில் பின்னால் டப்பிங் கலைஞர்களை வைத்துக் குரல் சேர்ப்பது சகஜம்.

பின்பாதியில் அரசியலும் அழுகையும் கூடி, சிரிப்பு கொஞ்சம் குறையும். எனக்கு அங்கே சலிப்புதான், ஆனாலும் நிறுத்தாதீர்கள், அதற்குள் ஹான் ஷுவோவை உங்களுக்குப் பிடித்துப்போயிருக்கும்.

முடித்த பிறகு தேவலோகக் கதைக்குப் போகத் துணிச்சல் வந்தால், 2022-ல் வந்த 'லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்', 36 எபிசோட். அதில் பூத்தேவதையும் அசுரர் தலைவனும் உடம்பு மாறிக்கொள்ளும் எபிசோடுகளைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள், புரையேறும்.